பாய்ச்சல், நான்காம் பிரதி

ஜூன் 4, ஞாயிறு

இவருக்கு இன்சூரன்ஸ் ஆபீஸில் கொடுத்த டைரி ஆறு மாதமாக மிக்ஸிக்கு அடியில் கிடந்தது. இன்று தூசி தட்டி எடுத்தேன். வீட்டுக் கணக்கு எழுத அல்ல. நான் கம்ப்யூட்டருக்கு ஒரு எழுத்துரு வரையப் போகிறேன், அதை எழுதி வைக்க.

பதினோரு வருடமாக ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிறேன். வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே ஆசைதான். "நல்லா தடியா, கொஞ்சம் சாய்ச்சு, பாயுற மாதிரி போடுங்க மேடம்." கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அமுக்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். அமுக்கினால் எழுத்து பாய்வதில்லை, வழுக்கி விழுகிறது. 'ண'வின் மூன்று சுழியும் நசுங்கி அடைத்துக்கொள்ளும். மேலே இருக்கிற புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்காரும். கோவில்பட்டி மெயின் ரோட்டில் நடந்தால் எனக்கு வயிறு எரிகிறது. பாதி போர்டு நான் போட்டதுதான், அது வேறு.

அதனால் ஒவ்வொரு எழுத்தையும் கையாலேயே சாய்த்து வரையப் போகிறேன். பதினோரு டிகிரி சாய்வு. பெயர்கூட வைத்தாகிவிட்டது. பாய்ச்சல்.

ஜூன் 11, ஞாயிறு

'ழு' என்னைக் கொன்றுவிட்டது. எழுத்தை வலப்பக்கம் சாய்த்தால் கோட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் இடப்பக்கம் போகும். 'ழு'வின் வால் முந்தின எழுத்தின் காலைத் தட்டிவிடுகிறது. வாலை மட்டும் சாய்க்காமல் நேராக விட்டேன். இப்போது நிற்கிறது.

அச்சடித்து இவரிடம் காட்டினேன். டிவியில் கிரிக்கெட். தாளை வாங்கி மடியில் வைத்து, "நல்லாருக்கு" என்றார். ஒரு ஓவர் முழுக்க நின்று பார்த்தேன். தாள் தலைகீழாக இருந்தது.

சாயங்காலம் ஜெபராணி வந்தாள். அவள் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர், கபடி கோச். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்து என்னைத் திட்டுகிற உரிமை அவளுக்கு மட்டும் உண்டு. தாளைச் சுவரில் ஒட்டச் சொல்லிவிட்டு வாசல் வரை பின்னால் போய் நின்று பார்த்தாள். "ஏட்டி, 'து' மட்டும் தூங்குது பாரு" என்றாள். சரிதான். தூங்குகிறது.

ஜூன் 19, திங்கள்

'ண' வந்துவிட்டது! மூன்று சுழியிலும் வெளிச்சம் தெரிகிறது.

ஜூலை 2, ஞாயிறு

திருத்தித் திருத்தி நான்காம் பிரதி. தமிழ் எழுத்து இருநூற்று நாற்பத்தேழும் முடிந்துவிட்டன. ஜ, ஷ, ஸ, ஹ இன்னும் வரையவில்லை. முதுகு விட்டுப்போயிற்று, அவை அப்புறம்.

ஆபீஸ் இன்சூரன்ஸ் முகாமுக்கு என் எழுத்தில் நோட்டீஸ் அடிக்கவேண்டும் என்று இவர் கேட்டார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இவருடைய கம்ப்யூட்டரில் நானே ஏற்றிக் கொடுத்தேன். 'இன்சூரன்ஸ்' என்று அடித்தார். 'ஸ்' மட்டும் ஒல்லியாக, நிமிர்ந்து, வேறு முகத்தோடு வந்தது. இல்லாத எழுத்தை அடித்தால் கம்ப்யூட்டர் தன் கையிலிருக்கும் சாதா எழுத்தை அந்த இடத்தில் போட்டுவிடும். இவர் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. "நல்லாருக்கு" என்றார்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பூரி போட்டேன்.

ஜூலை 6, வியாழன்

முகாம் நோட்டீஸை ஆபீஸிலேயே அடித்துவிட்டார்களாம். பரவாயில்லை.

ஜூலை 10, திங்கள்

ஜெபராணி தன் கபடிப் பிள்ளைகளின் பனியனுக்கு என் எழுத்து வேண்டும் என்று போன வாரமே கேட்டாள். ஆகஸ்ட் பதினைந்தில் கபடிப் போட்டி நடத்துகிறார்கள். அதற்கு ஃபிளெக்ஸும் இந்த எழுத்திலேயே வேண்டுமாம். "எம் பேரு முன்னாடி பெருசா வரணும். அதுல 'ஜ' இல்லைன்னா என்னட்டி எழுத்து அது? எனக்கு ஒண்ணு வரை."

நாலு நாளாக 'ஜ'தான். பயலைப் பிடித்து நிறுத்தவே முடியவில்லை. தடியாக்கினால் வயிறு பெருக்கிறது, சாய்த்தால் கவிழ்கிறது. இன்று மத்தியானம் சோறு வடிக்கும்போது பிடிபட்டது. கஞ்சியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து வரைந்தேன். சோறு குழைந்துபோயிற்று.

குழைந்த சோற்றை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார் இவர். இப்படி ஒரு மனுஷன் யாருக்குக் கிடைப்பார்? கை கழுவிவிட்டு, "எம் பேர்லயும்தான் இருக்கு அந்த எழுத்து, கடைசியில. பன்னெண்டு வருசத்துல எனக்காக ஒண்ணு வரைஞ்சியா?" என்றார். சிரித்துவிட்டேன். நல்ல தமாஷ்.

ஜூலை 22, சனி

ஐந்தாம் பிரதி. இதில் 'ஜ' உண்டு, 'ஸ' உண்டு, எல்லாம் உண்டு. என் லேப்டாப்பில் பழையதை அழித்துவிட்டு இதை வைத்தேன். ஜெபராணியின் லேப்டாப்பில் ஒன்று, கடை மெஷினில் ஒன்று ஏற்றினேன். இவரிடம் வேண்டுமா என்று கேட்டேன். "இருக்கதே போதும்" என்றார்.

ஆகஸ்ட் 5, சனி

கிரைண்டர் பெல்ட் அறுந்தது. மாவு கடையில் வாங்கியாயிற்று.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

இன்றைக்கு நான் எழுதாமல் யார் எழுதுவது?

மைதான வாசலில் முப்பதடி ஃபிளெக்ஸ். மஞ்சள் பின்னணி, கறுப்பு எழுத்து. 'பாய்ந்து வா பெண்ணே' என்று மேலே. கீழே 'பயிற்சியாளர் ஜெபராணி'. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் படித்தார்கள். என் முதலாளி பால்துரை அண்ணாச்சி, ஒருத்தரையும் பாராட்டாத மனுஷன், "எம்மா செம்பகவல்லி, எழுத்து ஓடுதும்மா, நிக்கவே மாட்டேங்குது" என்றார். டீக்கடையில், ஆட்டோ ஸ்டாண்டில், எல்லா இடத்திலும் "அது நம்ம செம்பகம் எழுத்துல்லா" என்ற பேச்சுதான். ஜெபராணியின் பிள்ளைகள் கழுகுமலை அணியை ஒன்பது பாயிண்டில் தோற்கடித்தார்கள். நான் கத்திக் கத்திக் குரல் போய்விட்டது.

இவருக்குத் தலைவலி. வரவில்லை.

ஆகஸ்ட் 18, வெள்ளி

ஜெபராணியின் சித்தி மகள் சென்னையில் எழுத்துரு செய்கிற ஒரு கம்பெனியில் இருக்கிறாள். ஃபிளெக்ஸ் போட்டோவை ஜெபராணி அனுப்பி வைத்திருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்! இன்று கம்பெனியிலிருந்தே போன். ஆறு மாதம் வந்து வேலை செய்யச் சொல்கிறார்கள். செப்டம்பர் பதினோராம் தேதி சேரவேண்டும். சித்தி மகள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம்.

இவரிடம் பயந்து பயந்து சொன்னேன்.

"யார் ஏற்பாடு?"

"ஜெபராணிதான்."

"தங்குறது?"

"அவ சித்தி மக வீடு."

"எல்லாம் அவ பாத்துக்கிடுதா, என்ன?" விரல் நகத்தைப் பார்த்தார். "போய்ட்டு வாயேன். நானா வேண்டாங்கேன்?"

பார்த்தாயா ஜெபராணி, நீதான் இவர் விடமாட்டார் என்றாய்.

ஆகஸ்ட் 21, திங்கள்

பள்ளிக்கூடச் சுவர் முழுக்க மொட்டை நோட்டீஸ். பஸ் ஸ்டாண்டிலும், மார்க்கெட் வாசலிலும் ஒட்டியிருக்கிறது. யார் பேரும் கீழே இல்லை. அண்ணாச்சி ஒன்றைக் கிழித்துக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்.

'வெளியூர் ஆட்டம் என்று பெண் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகிறார் ஜெபராணி? விடுதியில் யார் யாரைச் சந்திக்கிறார்? இதுதான் ஒழுக்கமா? பெற்றோரே விழித்தெழுங்கள்!'

முழுக்க என் எழுத்து. பாய்ச்சல். மஞ்சள் தாளில் கறுப்பு.

எந்தப் படுபாவி செய்தான்? கடை மெஷினில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். ஜெபராணியின் லேப்டாப் ஸ்டாஃப் ரூமில் திறந்தே கிடக்கும். ஃபிளெக்ஸைப் போட்டோ எடுத்து வெட்டி ஒட்டியிருக்கலாம். எத்தனையோ வழி இருக்கிறது. அவள் பேரில் 'ஜெ' மட்டும் ஒல்லியாக நிமிர்ந்து நிற்கிறது. பிரிண்டர் கோளாறாக இருக்கும்.

இவர் செய்தி கேட்டு, "அடப்பாவமே" என்றார்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

ஜெபராணி கடைக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. கஸ்டமர் நாலு பேர் இருந்தார்கள்.

"இது யார் எழுத்துட்டி?"

"என் எழுத்துதான். ஆனா நான்..."

"யாருட்ட குடுத்த?"

"கடைக்கும் ஒனக்கும்தான் குடுத்தேன்."

"கடையில அண்ணாச்சியும் நீயும். லேப்டாப்புல நான். நானே எனக்கு நோட்டீஸ் ஒட்டிக்கிட்டேனா?"

"வேற யாருட்டயும் இல்ல" என்று சொன்னேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

அவள் நோட்டீஸை என் கீபோர்டுமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். முப்பது வருடச் சிநேகத்தில் அவள் என்னைத் திட்டாமல் போனது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 24, வியாழன்

வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. துணி துவைத்தேன். கொசுவலை தைத்தேன். பரணில் இருந்த பாத்திரம் எல்லாம் இறக்கித் தேய்த்தேன். இவர் வேலையிலிருந்து வரும்போது எனக்கு மல்லிகைப்பூ வாங்கி வந்தார். பெரிய பந்து. வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 26, சனி

நாலு பிள்ளைகளின் அப்பா அம்மா வந்து கபடியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கேப்டன் சுடலைவடிவு ஓரத்தில் நின்று அழுதாளாம். பள்ளித் தாளாளர் விசாரணை வைத்திருக்கிறார், வெள்ளிக்கிழமை. அதுவரை ஜெபராணி மைதானத்துப் பக்கம் போகக்கூடாது. அவள் வேலை நிரந்தரம் இல்லை. ஒரு கையெழுத்தில் போய்விடும்.

அண்ணாச்சி கடை மெஷினிலிருந்து பாய்ச்சலை எடுக்கச் சொல்லிவிட்டார். "யாரும் அந்த எழுத்தைக் கேக்க மாட்டேங்காக. பாத்தாலே நோட்டீஸ் ஞாபகம் வருதாம்." நானே அழித்தேன். சீக்கிரமாகவே அழிந்துவிட்டது.

வீட்டில் சொன்னேன். "சென்னைக்கு எப்படிப் போவ இனிமே? அவ வீட்டு ஆளுகளாச்சே" என்றார் இவர். என் தலையைத் தடவிக் கொடுத்தார். அழுதேன்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

வீடு பூராத் துடைத்தேன். இவர் கம்ப்யூட்டரையும் துடைத்தேன். திறக்கவில்லை. எதற்குத் திறக்கவேண்டும்?

ஆகஸ்ட் 30, புதன்

இன்று மாவட்டத் தேர்வுப் போட்டி. கபடிக்கு ஏழு பேர் வேண்டும். ஐந்து பேர்தான் போனார்கள். ஆடவிடவில்லை. திரும்பி வந்துவிட்டார்கள்.

சுடலைவடிவு என் கடையைத் தாண்டிப் போனாள். பனியன் போட்டிருந்தாள். முதுகில் என் எழுத்து. அவள் என்னைப் பார்த்ததும் புத்தகப் பையை முதுகுக்கு மாற்றிப் பெயரை மறைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 31, வியாழன்

மத்தியானம் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். இவருடைய கம்ப்யூட்டரைத் திறந்தேன். நான்காம் பிரதி அப்படியே இருந்தது. ஒரு பெயரை அடித்தேன். 'பராணி' பாய்ந்துகொண்டு வந்தது. 'ஜெ' ஒல்லியாக, நிமிர்ந்து, வேறு முகத்தோடு முன்னால் நின்றது. நோட்டீஸில் நின்ற அதே 'ஜெ'.

நான் உட்கார்ந்தே இருந்தேன். சாப்பிட வந்த இவர் பின்னால் வந்து நின்றார்.

"என்ன அடிச்சுப் பாக்க?"

"ஜெபராணி."

பையைக் கீழே வைத்தார். நாற்காலியில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தார். மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நம்பியிருப்பேனோ என்னவோ. பத்து நாளாக நம்பத்தானே செய்தேன்.

"அவ ஒன்னயக் கூட்டிட்டுப் போயிருவா, செம்பகம். ஆறு மாசம்னு போவ. அப்பொறம் நீ எதுக்கு இங்க வருவ? வாசல்ல நின்னு அவ பாக்கா, நீ அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்க. எனக்கு இந்த வீட்டுல என்ன வேலை?"

"ஊரெல்லாம் என்னயத்தான சந்தேகப்படும்? அது தெரியாதா ஒங்களுக்கு?"

தலையைக் குனிந்துகொண்டார். "நாலு நாளு பேசுவாக. ஒங்க ரெண்டு பேருக்கும் ஆகாமப் போயிரும். அத்தோட முடிஞ்சிரும்னு நெனச்சேன். அவ வேலைக்கு ஆபத்து வரும்னு நெனக்கல."

தெரிந்தேதான் செய்திருக்கிறார். என்மேல் பழி விழவேண்டும் என்றே செய்திருக்கிறார். அவளை அடிக்க என்னையே கம்பாக எடுத்திருக்கிறார். கேட்கவேண்டியது ஆயிரம் இருந்தது. மானங்கெட்ட வாயில் வந்தது இதுதான். "எதுக்கு எம் எழுத்துல போட்டீக? வேற எழுத்தா இல்ல?"

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சாதா எழுத்துலதான் மொதல்ல அடிச்சேன். எடுபடல. ஒன் எழுத்துல மாத்தினேன். சுவத்துல ஒட்டிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயி நின்னு பாத்தேன். அவ்வளவு தூரத்துலயும் படிக்க முடிஞ்சுது." திரையைக் கையால் காட்டினார். "நெசமாவே நல்லாருக்கு, செம்பகம்."

மூன்று மாதமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தாளும் கையுமாக டிவி முன்னால் நின்றேன். ஒரே ஒரு தடவை, பின்னால் போய் நின்று, பார்த்துவிட்டுச் சொன்னால் போதும் என்றிருந்தேன். பார்த்திருக்கிறார்.

சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். அண்ணாச்சியிடம் இரண்டடி ஃபிளெக்ஸ் ஒன்று அடித்துத் தரச் சொன்னேன்.

செப்டம்பர் 1, வெள்ளி

தாளாளர் அறை. தலைமையாசிரியை, பெற்றோர் எட்டுப் பேர், குறிப்பெழுத ஒரு கிளார்க். ஜெபராணி தனி நாற்காலியில். என்னைப் பார்க்கவில்லை.

ஃபிளெக்ஸை மேஜைமேல் விரித்தேன். ஒரே பெயர் இரண்டு தடவை. மேலே ஐந்தாம் பிரதி, நான்கு எழுத்திலும் ஒரே தடிமன், ஒரே சாய்வு. கீழே நான்காம் பிரதி. பக்கத்தில் நோட்டீஸை வைத்தேன். ஒருத்தருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை. பெற்றோரில் ஒரு அம்மா, காய்கறி விற்கிறவர், படிக்கத் தெரியாதவர், "இந்த மொத எழுத்து மட்டும் வேற சாதியால்லா நிக்கு" என்று கீழே உள்ளதையும் நோட்டீஸையும் மாறி மாறித் தொட்டுக் காட்டினார்.

"கடையிலயும் டீச்சர்ட்டயும் இருந்தது மேல உள்ளது. அதுல 'ஜ' உண்டு. நோட்டீஸ் அடிச்சது கீழ உள்ளதுல."

தாளாளர் கண்ணாடியைக் கழற்றினார். "கீழ உள்ளது எங்க இருக்கும்மா?"

"ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல. எங்க வீட்டுல."

"வீட்டுல யார் யாரு?"

"ரெண்டு பேரு. நான் அடிக்கல."

கிளார்க் பேனாவை எடுத்தார். "வீட்டுக்காரர் பேரு சொல்லுங்க."

பன்னிரண்டு வருடமாக அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவேன். ஆஸ்பத்திரியில் கேட்டால் எழுதிக் காட்டுவேன். இந்த டைரியில்கூட இல்லை. கிளார்க் மறுபடி கேட்டார்.

"கனகராஜ்" என்றேன்.

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

ஜெபராணிமேல் தவறில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். காய்கறிக்கார அம்மா எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைலேருந்து எம் பிள்ளைய அனுப்புதேன் டீச்சர்" என்றார். போலீசுக்குப் போவதா என்பதை ஜெபராணியே முடிவு செய்யட்டும் என்றார் தாளாளர்.

வெளியே வேப்பமரத்தடியில் அவளுக்காக நின்றேன். வந்தாள். கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். வீட்டையே உடைத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேனே.

"செம்பகம், ஒண்ணு கேக்கேன். போர்டுல ஒரு புள்ளி தள்ளி இருந்தாலே பஸ்ஸ விட்டு எறங்கித் திட்டுவ நீ. இந்த 'ஜெ' ஒன் கண்ணுல எப்பப் பட்டுச்சு?"

"நேத்து..."

"நேத்தா?"

நான் வேப்பமரத்து வேரைப் பார்த்தேன்.

"புதன்கிழமை எம் பிள்ளைக ஆடாமத் திரும்பி வந்தாக. இனிமே அடுத்த வருசம்தான். சுடலைவடிவுக்கு வயசு தாண்டிரும், அவளுக்கு அடுத்த வருசம் கெடையாது." சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்தாள். "அவன் எனக்கு யாரோ, செம்பகம். நீ யாரு?"

போய்விட்டாள்.

செப்டம்பர் 3, ஞாயிறு

சாத்தூரில் அக்கா வீடு. நேற்றுக் காலை வந்தேன். ஒரு பை, லேப்டாப், இந்த டைரி. கனகராஜ் பஸ் ஸ்டாண்ட் வரை பின்னாலேயே வந்தார். நான் திரும்பவில்லை. சென்னைக் கம்பெனிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தங்க இடம் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

ஜெபராணிக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'முதலிலேயே தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்' என்று ஆரம்பித்தேன். தேதிகளைச் சரிபார்க்க டைரியைப் புரட்டினேன்.

ஆகஸ்ட் 21, திங்கள். என் கையெழுத்து, நீல மை. 'ஜெ' மட்டும் ஒல்லியாக நிமிர்ந்து நிற்கிறது. பிரிண்டர் கோளாறாக இருக்கும்.

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அந்தப் பக்கத்தையும் கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை. அவள் என்றைக்காவது கேட்டால் இதைத்தான் கொடுக்கவேண்டும்.